தலை எங்கே போகிறது?

தெற்கு பிரான்சின் மார்செய் நகரத்தில், பூயாபேஸ் என்கிற மீன் சாற்று விருந்தை ஒழுங்காகச் சாப்பிட ஆளுக்கு 80 யூரோ வரை ஆகும் என்று சொன்னால் நம்மவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "அப்படி என்னதான் இருக்கு அதில்?" என்பார்கள். லியோனில் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டிருக்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: காசு முழுக்கச் சாறுக்கு. கூடவே வருகிற மீன் வெறும் சாட்சி. என் கணவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். காரைக்காலிலிருந்து வந்திருந்த அத்தையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் சொன்ன காரணமே வேறு.

அத்தையை அங்கே அழைத்துப் போக நாள் குறிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. பூயாபேஸை முறையாகச் செய்கிற கடைகளில் நினைத்த நேரத்துக்குப் போய் உட்கார முடியாது. பல இடங்களில் ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னதாகப் போனில் சொல்லிவைக்க வேண்டும், தலை எண்ணிக்கை பார்த்துத்தான் மீன் வாங்குவார்கள். அத்தை வெள்ளி, சனி கவிச்சி தொடமாட்டார். அமாவாசை, கிருத்திகை தனிக் கணக்கு. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் கடையடைப்பு. இது போதாதென்று மிஸ்த்ரால் வேறு. ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கி வரும் குளிர்காற்று அது. அடிக்க ஆரம்பித்தால் சிறு படகுகள் கடலுக்குப் போகாது, படகு போகாவிட்டால் பாறை மீன் வராது. பஞ்சாங்கம், கடை, காற்று மூன்றும் ஒத்துவந்த ஒரு புதன்கிழமை மதியத்துக்கு மேசை கிடைத்தது. கணவருக்கு அலுவலகம். நானும் அத்தையும்தான் போனோம்.

லியோனிலிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம். சேன் ஷார்ல் ரயில் நிலையம் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. வெளியே வந்தால் ஊருக்குள் இறங்க அகலமான கல் படிக்கட்டு, 104 படி. எதிரே தூரத்துக் குன்றில் நோத்ர் தாம் த லா கார்த் தேவாலயமும், அதன் உச்சியில் தங்கமுலாம் பூசிய மாதா சிலையும் பளபளவென்று தெரியும். ஊர்க்காரர்கள் அந்த மாதாவை "நல்ல அம்மா" என்றுதான் சொல்கிறார்கள். அத்தை மேல் படியில் நின்று கும்பிட்டார். பிறகு படிகளைப் பார்த்தார். "இறங்கிடுவேன் புள்ள. திரும்ப ஏறச் சொல்லாத" என்றார். நிலையத்துக்குள்ளேயே மெட்ரோ இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. ஆனாலும் இறங்குவதைப் படி வழியாகத்தான் இறங்கினார், ஒவ்வொன்றாக.

அவருக்கு மார்செய் என்ற பெயர் புதிதில்லை. அவருடைய பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றில் அப்படி ஒருவர் உண்டு. கப்பலில் வந்து லா ஜொலியெத் துறைமுகத்தில் இறங்கியபோது காற்று ஆளைத் தள்ளியதாம், தொப்பி கடலில் போய்விட்டதாம். பெரியப்பா சொன்னதில் அத்தைக்கு நினைவிருப்பது அவ்வளவுதான். அதே துறையிலிருந்து இன்றைக்கும் கோர்சிகாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் கப்பல் போகிறது என்றேன். "தொப்பி கிடைச்சுதான்னு கேளு" என்றார்.

பழைய துறைமுகத்தில் காலை மீன் சந்தை நடக்கும். சந்தை என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், படகுத்துறையை ஒட்டிச் சில மேசைகள், அதில் தண்ணீர் நிரப்பிய தட்டுகள், அவ்வளவுதான். பின்னாலேயே பிடித்து வந்த படகு கட்டிக் கிடக்கும். பக்கத்தில் நார்மன் ஃபாஸ்டர் என்ற கட்டடக் கலைஞர் 2013-இல் நிறுத்திய, கண்ணாடி போலப் பளபளக்கும் எஃகுப் பந்தல். நிமிர்ந்து பார்த்தால் நாமே தலைகீழாகத் தெரிவோம். சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருக்க, அத்தை ஒருவர்தான் குனிந்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் மீனைத் தொட்டுப் பார்த்தால் விற்பவர்களுக்குப் பிடிக்காது. சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தையின் ஆள்காட்டி விரல் ஒரு மீனின் செவுளுக்குள் போய்விட்டது. விற்ற அம்மாள் நிமிர்ந்து முறைத்தார். அத்தை செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, வயிற்றை ஒரு அழுத்து அழுத்தி, "ராத்திரிதான் பிடிச்சிருக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முறைப்பு போய், அந்த அம்மாளே அடுத்த தட்டை முன்னால் இழுத்துக் காட்டினார்.

அதில் கிடந்ததுதான் ரஸ்காஸ். செங்கல் நிறம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, கொம்பும் மருவும் தொங்குசதையுமாக ஒரு முகம், முதுகு நெடுக முள். அந்த முள்ளில் விஷம் உண்டு. சூடு பட்டால் விஷம் முறிந்துவிடும், ஆனால் வேகவைப்பதற்கு முன் குத்தினால் கை வீங்கிவிடும். பாறை இடுக்கில் அசையாமல் கிடந்து, எதிரே வருவதை வாயைத் திறந்து உறிஞ்சிவிடும் மீன். அத்தை இதை மட்டும் தொடவில்லை.

"இதை யாரு வாங்குவா? பாதி தலை, மீதி முள்ளு."

"நாமதான் அத்தை. மதியத்துக்கு இதுதான்."

"வலையில கடைசியா மிஞ்சுறது இதுங்கதான். ஏலத்துல போகாது. வீட்டுக்கு வந்துடும். ஆனா குழம்பு வெச்சா இதுக்கு ஈடு கிடையாது."

பூயாபேஸின் வரலாறும் அதுதான். இங்கத்து மீனவர்கள் விலைபோகிற மீனை விற்றுவிட்டு, முள்ளும் தலையுமாக விற்காமல் நின்றதைக் கரையிலேயே கொப்பரையில் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தது. ஊர் வளர்ந்து, பணம் வந்து, உணவகங்கள் வந்த பிறகு அதில் குங்குமப்பூ ஏறியது, விலையும் ஏறியது. பெயர் பிரபலமானதும் கண்டதையும் பூயாபேஸ் என்று விற்க ஆரம்பித்தார்கள். பொறுக்க முடியாமல் 1980-இல் மார்செய் உணவகக்காரர்கள் சிலர் கூடி ஒரு சாசனமே எழுதிக்கொண்டார்கள். ரஸ்காஸ், வெள்ளை ரஸ்காஸ் என்று பெயர் பெற்ற வேறொரு மீன், செந்நிற குரோந்தென், சேன் பியேர், போத்ருவா, கடல் விலாங்கு என்று ஒரு பட்டியல், அதிலிருந்து குறைந்தது நான்கு வகை மீன் இருக்க வேண்டும். சாறு தனியாக, மீன் தனியாக வர வேண்டும். மீனைச் சாப்பிடுகிறவர் கண் முன்னாலேயே அறுக்க வேண்டும். விருப்பப்பட்டால் சிங்கி இறால் சேர்க்கலாம். சட்டம் ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போட்டவர்களைத்தான் கட்டுப்படுத்தும். ஆனால் ஊருக்குப் புதிதாக வருகிறவருக்கு நல்ல அளவுகோல்.

ஏனென்றால் ஏமாற இங்கே வழி அதிகம். முன்பு அலுவலக நண்பர்களோடு வந்தபோது, துறைமுகத்தை ஒட்டிய ஒரு கடையில் வாசல் பலகையில் 25 யூரோ என்று பார்த்து உட்கார்ந்துவிட்டோம். ஒரே கிண்ணத்தில் எல்லாம் மிதந்து வந்தது. சிப்பி, உறையவைத்த இறால், நடுவில் ஒரு துண்டு சால்மன். சால்மன் மத்தியதரைக் கடல் மீனே இல்லை! சாற்றில் தக்காளி விழுதின் புளிப்பைத் தவிர ஒன்றும் இல்லை. பேர் சொல்லவில்லை, அந்த வரிசையில் அப்படிக் கடைகள் இன்னும் இருக்கின்றன. வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிற கடைக்குப் போகாமல் இருந்தாலே பாதிக் காசு தப்பும்.

துறைமுகத்திலிருந்து 83-ஆம் எண் பேருந்து கடலோரக் கோர்னிஷ் சாலை வழியாகப் போகிறது. வலது பக்கம் உட்கார்ந்தால் கடல். வலோன் தேஸ் ஓஃப் நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்தால் முதலில் ஊரே தெரியாது. சாலையே ஒரு பாலத்தின் மேல் போகிறது. பக்கத்துப் படிகளில் இறங்கினால்தான் பாலத்துக்கு அடியில் ஒரு குட்டித் துறைமுகம் ஒளிந்திருப்பது தெரியும். மூன்று கல் வளைவுகள், அவற்றின் வழியாக உள்ளே வரும் கடல், இரண்டு முனையும் கூராக நீலத்திலும் பச்சையிலும் பூசிய மரப்படகுகள், அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்ன மீனவர் வீடுகள். ஒரு காலத்தில் இங்கே உட்கார்ந்து புல் திரித்துக் கப்பல் கயிறு செய்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்த வீடுகளின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

கடை தண்ணீரை ஒட்டி, கண்ணாடிச் சுவர். சன்னலோர மேசை. பரிமாறியவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, கறுப்பு ஏப்ரன். அத்தை உட்கார்ந்ததும் விலைப்பட்டியலை வாங்கிப் படித்தார். பிரெஞ்சு முழுக்கத் தெரியாது, எண் தெரியும். பட்டியலை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், வீட்டுக்குப் போனதும் மகனிடம் என்ன சொல்லப்போகிறார் என்பது முழுக்க இருந்தது.

பக்கத்து மேசையில் பாஸ்திஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். தெளிவாக மஞ்சளாக இருக்கிற மது, தண்ணீர் ஊற்றியதும் நொடியில் பால் நிறமாகக் கலங்கும். அதில் இருக்கிற சோம்பு எண்ணெய் தண்ணீரில் கரையாமல் துளித்துளியாகப் பிரிவதால் வரும் கலங்கல். 1932-இல் போல் ரிக்கார் என்பவர் இந்த ஊரில்தான் அதைப் பெரிய வியாபாரமாக ஆக்கினார். அத்தை மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "சோம்பு" என்றார். எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு கராஃப், அதாவது ஒரு குடுவை, கேட்டேன். அது இலவசம். பிரான்சில் எந்த உணவகமும் தரத்தான் வேண்டும், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. புட்டித் தண்ணீரா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிப் பழக வேண்டும்.

முதலில் சாறு வந்தது. நான் காசு கொடுப்பது இதற்குத்தான். அடர்ந்த துருப்பிடித்த நிறம், மேலே எண்ணெய் தனியாக மிதக்காது. சின்னச் சின்னப் பாறை மீன்களை முழுசாகப் போட்டு, வெங்காயம், பூண்டு, தக்காளி, சோம்புச் செடியின் குமிழ், குங்குமப்பூ சேர்த்து வேகவைத்து, எல்லாவற்றையும் நசுக்கிச் சல்லடையில் வடித்து எடுக்கிற சாறு. நல்ல கொதியில் கொதிக்க வேண்டும். அந்தத் தளதளப்பில்தான் ஆலிவ் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று அடித்துக் கலந்து சேரும். சிறுதீயில் வைத்தால் பிரிந்து நிற்கும். தலையிலும் தோலிலும் இருக்கிற பசை அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு கரண்டி குடித்துவிட்டு உதட்டை உதட்டோடு சேர்த்துப் பாருங்கள், லேசாக ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் பில்லைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

அதோடு ஒரு தட்டில் மொறுமொறுவென்று சுட்ட ரொட்டி வில்லைகள், உரிக்காத பூண்டுப் பல், ஒரு கிண்ணத்தில் ரூய். பூண்டும் மிளகாயும் குங்குமப்பூவும் மஞ்சள் கருவும் ஆலிவ் எண்ணெயில் அரைத்துக் குழப்பிய விழுது அது, காரத்தைக் குறைத்த பூண்டுத் துவையல் மாதிரி இருக்கும். பூண்டை உரித்து ரொட்டி மேல் அழுத்தித் தேய்க்க வேண்டும். கரகரப்பான ரொட்டி பூண்டைத் துருவிக்கொள்ளும். அதன் மேல் ரூய் தடவிச் சாற்றில் மிதக்கவிட்டு, ரொட்டி ஊறி அமிழ்வதற்குள் கரண்டியோடு எடுத்துவிட வேண்டும். அத்தைக்கு ஒரு தடவைதான் காட்டினேன். அடுத்த வில்லைக்குப் பூண்டை அவர் இரண்டு பக்கமும் தேய்த்தார். நான் இதுவரை யோசிக்காத விஷயம். சாறு தீரத் தீர ஊற்றினார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை.

"உப்பு சரியா இருக்கு. புளி இல்லை. ஆனா நாக்கு அதைக் கேட்கலை" என்றார் அத்தை. அவர் வாயிலிருந்து இது பெரிய பாராட்டு.

அப்புறம் மீன். நீளத் தட்டில் முழுசாகக் கொண்டுவந்து காட்டினார்கள். ரஸ்காஸ் ஒன்று, சிறகு விரித்த குரோந்தென், விலாவில் கறுப்புப் பொட்டு வைத்த சேன் பியேர், போத்ருவா துண்டுகள், கடல் விலாங்கு ஒரு கண்டம், குங்குமப்பூ ஏறி மஞ்சளாய் வெந்த உருளைக்கிழங்கு. சேன் பியேர் மீனின் அந்தப் பொட்டு, புனித பேதுரு அந்த மீனைப் பிடித்தபோது பதிந்த கட்டைவிரல் தடம் என்பது கதை. பரிமாறியவர் பக்கத்து மேசையில் தட்டை வைத்து, ஒரு கரண்டியும் ஒரு கத்தியும் மட்டும் கொண்டு வேலையைத் தொடங்கினார். முதுகு முள்ளை ஒரே இழுப்பில் உருவி ஓரம் வைத்தார். கரண்டியின் விளிம்பை நடுமுள்ளின் மேல் வைத்துத் தள்ளினார், சதை உடையாமல் ஒரு பாளமாக நழுவியது. திருப்பாமலே நடுமுள்ளைத் தூக்கினார், அதன் அடியில் இன்னொரு பாளம். கை எங்கேயும் படவில்லை. அத்தை சாறு குடிப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்.

முள்ளையும் தலைகளையும் ஒரு தட்டில் ஒதுக்கி அவர் உள்ளே கொண்டுபோக எடுத்தார். அத்தை என் கையைப் பிடித்தார்.

"தலையை எங்க எடுத்துட்டுப் போறாரு?"

"இங்கெல்லாம் தலையைச் சாப்பிட மாட்டாங்க அத்தை."

"யாரு சொன்னா? எண்பது யூரோ வாங்கிட்டு, தலையை இவங்க வெச்சுக்குவாங்களா? கேளு."

கேட்டேன். பரிமாறியவர் தட்டோடு அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு தட்டை மேசை நடுவில், கிழங்குக்குப் பக்கத்தில், ஏதோ பெரிய விருந்தாளிக்கு வைக்கிற தோரணையில் வைத்தார். ரஸ்காஸின் கன்னத்தைக் கத்தி முனையால் தொட்டுக் காட்டி, "அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. சமையலறையில் இதற்குத்தான் சண்டை" என்றார். உள்ளே போய் ஒரு சின்னக் கிண்ணத்தில் கொதிக்கிற சாறும் கை கழுவ எலுமிச்சை போட்ட வெந்நீரும் கொண்டுவந்தார்.

அத்தை வளையலை மேலே தள்ளிக்கொண்டார். கன்னத்துக் கதுப்பை முதலில் எடுத்தார். முத்து அளவுக்குத் திரண்ட வெள்ளைச் சதை, முழுசாக வந்தது. அதை என் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததைத் தனக்கு எடுத்துக்கொண்டார். பிறகு தாடையைப் பிரித்து, கண்ணுக்குப் பின்னால் இருக்கிற கொழகொழப்பை உறிஞ்சி, மண்டை ஓட்டில் சாற்றை ஊற்றி அதையும் உறிஞ்சினார். சத்தம் வந்தது. பக்கத்து மேசை பாஸ்திஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கன்னக்கதுப்பைச் சாப்பிட்ட பிறகு என் சாட்சிக் கொள்கையில் ஓர் ஓட்டை விழுந்தது உண்மை. பாளம் பாளமாக வந்த சதையெல்லாம், நல்ல மீன்தான், ஆனால் சாறுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்த ருசி. தலை அப்படி இல்லை.

"சாறுதான் சாறுதான்னு சொல்லிட்டு இருக்கியே. சாறுக்கு ருசி எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் அத்தை, விரலை எலுமிச்சைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே. பிடிவாதமாக இன்னும் சொல்கிறேன், இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் சாற்றைத்தான் எடுப்பேன். அத்தை தலையை எடுப்பார். இருவருக்கும் பங்காளிச் சண்டை வராது.

பில் இரண்டு பேருக்கும் சேர்த்து, கடைசியில் குடித்த காபியோடு 170 யூரோவைத் தொட்டது. சேவைக்கான காசு விலைக்குள்ளேயே அடக்கம், மேலே வைப்பது நம் விருப்பம். நான் ஒரு பத்து யூரோ வைத்தேன். அத்தை அதை எடுத்துப் பார்த்து, தலை தந்ததற்கென்றால் சரி என்று திரும்ப வைத்தார்.

அவ்வளவு செலவழிக்க மனம் வராதவர்களுக்கு: பட்டியலில் "சூப் த புவாசோன்" என்று இருக்கிறதா பாருங்கள். பூயாபேஸுக்கு அடிப்படையான அதே வடித்த சாறு, அதே ரொட்டி, அதே ரூய், கூடத் துருவிய சீஸ். பல சாதாரணக் கடைகளில் 15 யூரோவை ஒட்டிக் கிடைக்கும், முன்பதிவும் வேண்டாம். அதோடு கடலைமாவில் செய்து பொரிக்கிற பனீஸ் ஒரு தட்டு வாங்கிக்கொண்டால் மதியச் சாப்பாடு முடிந்தது. உதட்டுச் சோதனை இதற்கும் செல்லும். முழு பூயாபேஸ்தான் வேண்டும் என்றால் போனில் சொல்லும்போதே எத்தனை வகை மீன், முன்னால் வைத்து அறுப்பார்களா என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் வேறு கடைக்குப் போன் செய்யுங்கள். அப்படியே தலையும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மதியம் ஒன்றரைக்குள் போய்ச் சேருங்கள், இரண்டு மணிக்கு மேல் பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.